சிரிக்காத குழந்தைகள்

டோக்கியோ நகரத்துக்கு 1872-ஆம் ஆண்டில் ஒரு விருந்தாளி வந்தார். ருஷ்யச் சக்கரவர்த்தியின் குமாரர் அலெக்ஸி. ராஜகுமாரர் போகிற வீதியில் பிச்சைக்காரர்கள் கண்ணில் படலாமா? கிழவர், நோயாளி, அநாதைக் குழந்தை என்று பாராமல் எல்லாரையும் திரட்டி ஓரிடத்தில் அடைத்தார்கள். விருந்து வருகிற நாளில் நாம் கிழிந்த பாயைச் சுருட்டிப் பரண்மேல் போடுவதில்லையா, அதைப் போல! 'யோய்குயின்' என்ற தர்ம ஸ்தாபனம் பிறந்த கதை இதுதான். விருந்தாளி போய்விட்டார், ஸ்தாபனம் நிலைத்துவிட்டது.

அதைத் தாங்கி நின்றவர் ஷிபுசாவா எயிச்சி. சுமார் ஐந்நூறு கம்பெனிகள் தோன்றக் காரணமாயிருந்தவர். 2024-இல் வெளியான பத்தாயிரம் யென் நோட்டில் அவர் முகத்தைப் பார்க்கலாம். 'சோம்பேறிகளை வளர்க்கிறது' என்று சொல்லி 1885-இல் சர்க்கார் பணத்தை நிறுத்தியபோது, நன்கொடை திரட்டி நடத்தினார். 1931-இல் கண்ணை மூடும்வரை தலைவர் அவரேதான்.

அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். குழந்தைகள் சிரிப்பதில்லை, அடம் பிடிப்பதுமில்லை. கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற குழந்தையல்லவா அடம் பிடிக்கும்? ஆகவே குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து, தகப்பனைப் போலப் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியரையும் நியமித்தார். பிறகுதான் சிரிப்பு வந்தது. பிரிப்பதுதான் அன்றைக்குச் சீர்திருத்தம்.

அதே டோக்கியோவில், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சேர்ப்பது சீர்திருத்தமாயிற்று! எடோகவா பகுதியில் 'கோட்டோயென்' என்று ஒரு முதியோர் இல்லம், 1962-இல் தொடங்கியது. 1976-இல் அதனுடன் ஒரு குழந்தைகள் காப்பகம் சேர்ந்தது. 1987-இல் இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் வந்தன. பாட்டனார்களும் பொடியன்களும் காலையில் ஒன்றாகத் தேகப் பயிற்சி செய்வார்கள். பிறகு பொடியன்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். குழந்தைக்குச் சட்டை மாட்டிவிடுவதென்றால் பாட்டிமார்களுக்குத் தனி உற்சாகம்.

அப்படியானால் ஷிபுசாவா செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோய்குயினில் கிழவரும் குழந்தையும் ஒரே பசிக்குப் பங்காளிகள். ஒருவருக்கொருவர் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? கோட்டோயென் குழந்தை தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தாயார் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தை. அதனால்தான் கிழவருக்குக் கொடுக்க அதனிடம் ஒரு சிரிப்பு மிச்சமிருக்கிறது.

சாயங்காலம் அந்தத் தாயார் வந்து அழைத்துப் போய்விடுவாள். குழந்தைக்கு வீடு வேறே. தாத்தா பாட்டிகளுக்கு அதுவேதான் வீடு. அவர்களுக்கு இனி மறுநாள் காலைத் தேகப் பயிற்சிதான்.