ஒரு பொருளைப் பார்க்க இரண்டு கண்கள்

நம் கோவையில் வார்ப்படப் பட்டறை தெரியாதவர் யார்? வார்ப்பின் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் பழக்கமானதே. ஆனால் எக்ஸ்ரே அணுவின் எலக்ட்ரான்களைத்தான் காணும். ஒற்றை எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அதற்குச் சரியாகப் புலப்படாது. நியூட்ரான் அணுக்கருவையே தொடுவதால் அதைக் காட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப்படம்.

நியூட்ரானுக்கு, மும்பை டிராம்பேயில் 1985 முதல் துருவா அணு உலை. எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு எடுக்கும் சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேக்கு, 2005-ல் இந்தூரில் இண்டஸ்-2.

இவற்றை எந்தக் கல்லூரியால் கட்ட முடியும்? அதனால்தான் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் கைகோத்து, இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வுக் கூட்டமைப்பை நிறுவின. கல்பாக்கத்திலும் அதற்குக் கிளை உண்டு. நம்மூர்க் கல்லூரி ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம். இயற்பியல் படிக்கும் பேரப்பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.