மேளக்காரரின் கண்

டிஜே ஒருவர் பாட்டோடு பாட்டை இணைக்கும்போது தாளம் இம்மியும் பிசகக் கூடாதா, கைத்தடுமாற்றம் கொஞ்சம் இருந்தால்தான் உயிரோட்டமா என்ற வழக்கு புதிதுபோலத் தெரியும். விடிய விடியப் பாட்டைக் கோத்துக்கொண்டுபோகும் தொழிலோ அனந்தபுரம் உள்ளிட்ட செஞ்சி வட்டாரத்துக்குப் பழசு. திரௌபதியம்மன் வழிபாட்டின் மூல இடமாக மேலச்சேரியைச் சொல்லும் இந்தச் சீமையில், திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. 'அர்ச்சுனன் தபசு' அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சையும் விபூதியும் வீச, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்துவார்கள். ஏறி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிருதங்கக்காரரின் கண் ஏறுகிறவர் காலிலேயே இருந்தாக வேண்டும். கால் தயங்கினால் அடி மடங்கி மடங்கி வரும், கால் ஊன்றியதும் முத்தாய்ப்பான தீர்மானம் விழும்.

இதைக் குறையின் அழகு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளம் விட்டவரைக் கூத்து வாத்தியார் சும்மா விடமாட்டார். அடவு தவறினால் அது தவறுதான், அதைப் பாணி என்று யாரும் மெச்சுவதில்லை. அதே சமயம், சபை இசைக்காரர்களின் துல்லியமும் கூத்துக்களத்தில் செல்லுபடியாகவில்லை. சுரங்கள் கட்டைகளில் இறுகிக்கிடக்கின்றன, கமகம் வராது என்ற வாதத்தின் பேரில் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. நாடகக் கம்பெனிகள் வழியாகப் பரவிய அந்தப் பெட்டியைக் கூத்து கைவிடவில்லை. திறந்தவெளியில், உச்சத்தில், இரவெல்லாம் பாடும் தொண்டைக்குச் சுருதி பிடித்துக் கொடுத்தது அதுதான். எது குறை என்பதை அந்தந்த வேலைதான் முடிவு செய்தது.

டிஜே மேடைக்கு வந்தால், 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 போன்ற தாள இயந்திரங்கள் தாளத்தைக் கடிகாரத்தின் கையில் கொடுத்தன. பின்னால் வந்த 'சிங்க்' பொத்தான் இரண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்கும் வேலையையும் வாங்கிக்கொண்டது. கை ஓய்ந்தால் கூட்டத்தைக் கவனிக்கலாமே என்பார்கள், நியாயமான பேச்சு. ஆனால் ஓய்ந்த கவனம் கூட்டத்தின் பக்கம் திரும்பினால்தான் அந்த நியாயம் நிற்கும். முன்பே அடுக்கிவைத்த வரிசையை ஓடவிடுபவருக்கு, ஆட்டம் சூடேறும்போது பாட்டை இன்னும் இரண்டு சுற்று நீட்டத் தோன்றாது. வீட்டில் தனியே கேட்கும் ஒலிப்பதிவுக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே பார்த்து வாசிக்க எதிரே ஆள் இல்லை, எவ்வளவு சுத்தமாகச் செதுக்கினாலும் நட்டமில்லை. கூட்டத்துக்கு முன் நிற்கும் டிஜேயைப் பிசகுகளை எண்ணி மதிப்பிடுவது வீண். ஆடுகிறவர்களின் போக்கு மாறியபோது அவர் கையும் மாறியதா என்று பார்த்தால் போதும்.