நாகையின் அலையும் கிள்ளானின் அமைதியும்

கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டவர் தமிழர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கலங்கள் கடாரம் வந்ததும் காற்றின் துணையால்தான். பாய்மரம் மறைந்து நீராவிக் கப்பல்கள் தோன்றிய பின்னரும் காற்றின் ஆட்சி முடிந்துவிடவில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் தமிழர் ஏறிய நாகப்பட்டினத்தையும் இறங்கிய கிள்ளான் துறையையும் ஒப்புநோக்கினால் இது விளங்கும்.

நாகை திறந்த கடலை நோக்கிய துறை. பெருங்கப்பல் கரையை அணுகாது. எட்டவே நங்கூரமிட்டு நிற்கும். கைக்குழந்தையோடு வந்தவளும் படகேறி, அலையைக் கடந்தே அதனை அடைதல் வேண்டும். வாடைக்காற்றோ வங்கக் கடற்பரப்பெல்லாம் உராய்ந்து வருவது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் கூடக்கூட அலை உயரும். மேல்நீரும் இழுபட்டு ஓடும். ஆயின் அதன் வேகம் காற்றின் வேகத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே. புவியின் சுழற்சியால் அவ்வோட்டம் வடகோளத்தில் வலப்புறம் விலகும். வடதுருவக் கடலில் மிதந்த பனிக்கட்டி அவ்வாறு விலகியதை 1893–96 பயணத்தில் நார்வே நாட்டு நான்சன் கண்டார். சுவீடன் நாட்டு எக்மன் 1905இல் அதனைக் கணக்கிட்டு விளக்கினார். வாடைக்காலத்தில் நீர் சோழமண்டலக் கரையில் குவிந்து, கரையோரமாகத் தெற்கு நோக்கி விரைவதும் இதனாலேயே.

கிள்ளான் துறை இதற்கு நேர்மாறானது. மேற்கே சுமத்திரா, முன்னே கிள்ளான், கேத்தாம் தீவுகள், சுற்றிலும் அலையாத்திக் காடு. காற்று ஓடி வலுப்பெற இடமே இல்லை. இங்கு நீரை ஆட்டிவைப்பது கடலின் ஏற்றவற்றமே. பெருக்கு நாள்களில் அது 4 மீட்டரையும் எட்டும். மாலுமிகள் ‘சுமத்திரா’ என்றே பெயரிட்ட சூறைக்காற்று சில நாள்களில் விடியலுக்கு முன் வந்து நீரைக் கலக்கி, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இவ்வமைதியான ஆற்றுமுகத்திலேதான் 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதுவே கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. ஆனால் அமைதிக்கும் ஒரு விலை இருந்தது. காடழித்த சதுப்பில் தேங்கிய நீர் கொசுவை வளர்த்தது. திறந்த சில மாதங்களிலேயே, துறைமுகத்தை மூடவேண்டுமோ என அஞ்சும் அளவுக்கு மலேரியா பரவிற்று. நாகையில் அலைக்குத் தப்பியவர் ஈங்குக் காய்ச்சலுக்கு இரையாயினர்! கொசுவால் அந்நோய் பரவுவதை ரொனால்டு ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வறிவைக் கொண்டு கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டச் செய்தார். நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைவில் தணிந்தது. தோட்டங்களில் தணியவோ இன்னும் பல்லாண்டுகள் ஆயின.