சாத்தன்

சாத்தன் என்பது சங்க காலம் முதல் தமிழர் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கிய ஆண்பாற் பெயர். பெண்பால், சாத்தி. மதிப்பு விகுதி சேர்ந்தால் சாத்தனார், சாத்தியார். இன்று இந்தப் பெயரில் ஓர் ஆளைப் பார்ப்பது அரிது. ஆனால் இலக்கணம் படித்தவர்களுக்கு இவன் நன்றாகப் பழகியவன். ஆண்மை இயற்பெயருக்குச் சாத்தன், பெண்மை இயற்பெயருக்குச் சாத்தி, துணைக்குக் கொற்றன், கொற்றி என்று தொல்காப்பிய உரைகளிலும் நன்னூல் உரைகளிலும் திரும்பத் திரும்ப வருவான். இருதிணைப் பொதுப்பெயரைக் காட்டவும் இவன்தான்: ஒரு வரியில் சாத்தன் வந்தான், அடுத்த வரியில் சாத்தன் வந்தது. மாட்டுக்கும் அந்தப் பெயர் இருக்கலாம் அல்லவா! உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்குப் பெயர் தேடியபோது, தெருவில் கூப்பிட்டால் நாலுபேர் திரும்பிப் பார்க்கும் பெயரையே எடுத்திருக்கிறார்கள்.

பெயரின் பொருளைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. முதலாவது 'சாத்து' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது. சாத்து என்றால் பொதிகளோடு சேர்ந்து பயணம் போகும் வணிகர் கூட்டம். வடமொழியின் 'சார்த்த' என்ற சொல்லோடு தொடர்புடையது. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரில் அந்தச் சாத்து அப்படியே இருக்கிறது. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனாரும் மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி.

இரண்டாவது, 'சாஸ்தா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது. கற்பிப்பவர், நெறிப்படுத்துபவர் என்று பொருள். அமரகோசம் இதைப் புத்தரின் பெயர்களில் ஒன்றாகத் தருகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில், சாத்தன் புத்தரைக் குறித்த பெயரே என்றும், சாத்தன், சாஸ்தா என்றும் அழைக்கப்படும் ஐயனாரின் வழிபாட்டின் அடியில் பௌத்தம் இருக்கிறது என்றும் வாதிட்டார். வலுவான வாதம்தான். ஆனாலும் இந்தப் பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரையும் பௌத்தர் கணக்கில் எழுதிவிட முடியாது. அதற்கு எதிரான சான்றுகள் கல்லிலேயே உள்ளன.

சங்க காலத்தில் இந்தப் பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குப் புலவர் வரிசையே போதும். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் என்று நீளும் பட்டியலில் ஒக்கூர் மாசாத்தியார் பெண். பாடியவர்கள் மட்டுமல்ல, பாடப்பட்டவர்களும் சாத்தன்கள்: புறநானூற்றில் பாண்டியன் கீரஞ்சாத்தன் இருக்கிறான், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இருக்கிறான், பிடவூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனும் இருக்கிறான். அரசன், ஊர்த்தலைவன், புலவன், வணிகன் என்று எல்லாத் தரத்தாரும் வைத்துக்கொண்ட பெயர் இது. கடலும் கடந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமியில் 'சாதன்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் 'கணன்'. சாத்தனும் கண்ணனும்தான்.

தகப்பன் பெயரோடு மகன் பெயரைச் சேர்த்துச் சொல்வது அன்றைய வழக்கம். பூதன் மகன் சாத்தன் பூதஞ்சாத்தன் ஆனான். இதற்கு நேர்மாறாக, மகனை வைத்துத் தகப்பனை அழைப்பதும் உண்டு. ஆதன் தந்தை ஆந்தை ஆனதுபோலச் சாத்தன் தந்தை சாத்தந்தை ஆனார். போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடிய புலவரின் பெயர் சாத்தந்தையார் என்றே நமக்குக் கிடைக்கிறது. மகனுடைய பெயர் நிலைத்தது. தகப்பனுடைய சொந்தப் பெயர் போய்விட்டது.

பல்லவர், பாண்டியர் காலத்திலும் பெயருக்கு மவுசு குறையவில்லை. நார்த்தாமலையில் குடைவரைக் கோயில் எடுத்தவன் சாத்தன் பழியிலி என்ற முத்தரையன். திருப்பரங்குன்றத்தில் கி.பி. 773இல் திருப்பணி செய்தவன் பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரி சாத்தன் கணபதி. அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள். இலக்கண நூலில் அடுத்தடுத்து நிற்கும் சாத்தனும் கொற்றியும் ஒரே குடும்பத்தில், ஒரே மலையில். சாத்தன்கள் எல்லாரும் பௌத்தர் அல்லர் என்பதற்கு முன்னே சொன்ன கல்வெட்டுச் சான்றும் இதுவே.

பிறகு பெயர் மெல்லத் தேய்ந்தது. சிவன், திருமால், முருகன் பெயர்களும் வடமொழிப் பெயர்களும் பெருகப் பெருக, பழைய ஆதன், பூதன், கீரன், கொற்றன் எல்லாம் பின்வாங்கின. சாத்தனும் அந்தக் கூட்டத்தோடு போனான். கேரளத்தில் வேறு கதை. அங்கே ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் இந்தப் பெயர் நீடித்தது. 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் பி.கே. சாத்தன் மாஸ்டர் அமைச்சராக இருந்தார். மாந்திரீகத்தில் ஏவும் குட்டிச்சாத்தானும் அங்கிருந்து வந்தவன்தான். 1984இல் அவன் பெயரில் வந்த மலையாளப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். விவிலியத்தின் சாத்தானுக்கும் இவனுக்கும் ஒலி நெருக்கம் மட்டுமே. அது எபிரேயச் சொல்.

தமிழ்நாட்டில் இப்போது சாத்தன் முழுப் பெயராக இல்லை, ஒட்டிக்கொண்டு இருக்கிறான். சாத்தனூர் அணையும் சாத்தான்குளமும் அவன் பெயரைச் சுமக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் சாத்தப்பன், சாத்தையா என்ற பெயர்கள் உண்டு. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் நகரத்தார் வழக்கம் அவற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள். ஆனால் அந்தத் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டுமென்றால் இன்று தேர்வது ஐயப்பன் என்பதையே. சபரிமலைக் கோயிலில் மூலவரின் பெயர் தர்மசாஸ்தா.