நெஞ்சறிந்த மருத்துவர் பத்மாவதி

‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?’ என்னும் வழக்கு தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியது. கேட்டவர் எவரும் விடையை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. எனினும், ஒரு பெண்மணியின் வாழ்வே அவ்வினாவுக்கு விடையாக அமைந்தது. அடுப்பூதும் பெண்ணின் இதயத்துக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்து உலகறியச் செய்த அவர், இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநர் டாக்டர் எஸ். பத்மாவதி ஆவார்.

பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றில் 1917ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவரை, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு அகதியாக்கிற்று. தாயோடும் உடன்பிறந்த பெண்களோடும் அவர் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். ஆடவர் பர்மாவிலேயே தங்கிவிட்டனர். போர் ஓயும்வரை அவர்களைப் பற்றிய செய்தியே இல்லை. போருக்குப் பின்னரே குடும்பம் ஒன்றுகூடியது.

1949இல் இங்கிலாந்து சென்ற பத்மாவதி, இலண்டனிலும் எடின்பரோவிலும் மருத்துவ உயர்தகுதிகள் பெற்றார். ஸ்வீடனில் சிலகாலம் பயின்றபின் அமெரிக்கா சென்றார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை இதயமருத்துவத்தின் முன்னோடியான ஹெலன் டாசிக்கிடமும், ஹார்வர்டில் பால் டட்லி வொயிட்டிடமும் பயிற்சி பெற்றார். அயல்நாட்டிலேயே தங்கிவிடாமல் 1953இல் தாயகம் திரும்பி, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டே அங்கு இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார்.

மேலைநாட்டுப் பாடநூல்களில் பெரிதும் பேசப்படாத நோயாளிகளை அவர் அங்குக் கண்டார். வறட்டியும் விறகும் எரியும் காற்றோட்டமற்ற சமையலறையில் ஆண்டுக்கணக்கில் புகையை உள்வாங்கிய பெண்கள் அவர்கள். புகையால் நுரையீரல் நலிகிறது. நுரையீரலுக்குச் செல்லும் குருதிக்குழாயில் அழுத்தம் மிகுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துக் குருதியைச் செலுத்திச் செலுத்தி இதயத்தின் வலக் கீழறை வீங்கித் தளர்கிறது. 127 நோயாளிகளை ஆராய்ந்து இது குறித்துத் தம் உடனாய்வாளருடன் அவர் எழுதிய கட்டுரை, 1959இல் ‘சர்க்குலேஷன்’ என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. புகைப்பழக்கம் அரிதாகவே உள்ள பெண்களுக்கும் இந்நோய் பெருமளவில் வருவதை எடுத்துக்காட்டிய அக்கட்டுரை, அடுப்புப் புகையை அதன் காரணமாகச் சுட்டியது.

ருமாட்டிக் இதயநோயிலும் அவர் பார்வை இத்தகையதே. நெரிசலான குடியிருப்பில் குழந்தைக்கு வரும் தொண்டைப்புண், உரிய காலத்தில் பென்சிலின் கிடைக்காதபோது, காய்ச்சலாக முற்றி இதய வால்வுகளைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே இதயத்தைக் காக்கும் பணி அறுவை அரங்கில் அன்று, பள்ளியிலும் வீட்டிலும் தொடங்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்தாகும்.

இந்நோக்குடன் 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். 1967இல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெற்றபின் 1981இல் டெல்லியில் தேசிய இதய நிறுவனத்தைத் தோற்றுவித்து, தொண்ணூறு வயது கடந்தும் பணியாற்றினார். 1967இல் பத்மபூஷணும் 1992இல் பத்மவிபூஷணும் அவரைத் தேடி வந்தன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், தம் 103ஆம் வயதில், கொரோனா தொற்றால் அவர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் மூச்சுத்திணறும் பெண்களுக்காக உழைத்தவரின் உயிரை, நுரையீரலைத் தாக்கும் நோயொன்றே கவர்ந்தது.

ஏழைப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் நடுவணரசின் உஜ்வாலா திட்டம் 2016இல் வந்தது. அவர் கட்டுரை வெளியாகி அதற்குள் 57 ஆண்டுகள் கடந்திருந்தன. இணைப்புப் பெற்றும், மறு உருளை வாங்கப் பணமின்றி விறகடுப்புக்கே திரும்பும் இல்லங்கள் உள்ளன. தாயின் கைமணத்தைப் பாடும் கவிஞர் பலர். அக்கைமணத்துக்குப் பின்னே புகையுண்ட ஒரு நெஞ்சம் துடித்துக்கொண்டிருந்ததைக் கண்டவர் பத்மாவதி. நெஞ்சைப் பாடுவோர் நினைவில் அவர் பெயரும் நிலைபெறுதல் வேண்டும்.