ஆல்ஃப்ரெட் கோர்த்தோ: தப்பாக வாசித்தவர், தப்பான இடத்திலும் வாசித்தவர்

இன்னிக்கு எபிசோடில் ஒரு பியானோக்காரரைப் பத்திப் பேசப் போறோம். பெயர் ஆல்ஃப்ரெட் கோர்த்தோ. எழுத்தில் பார்த்தால் கடைசியில் ஒரு 'ட்' இருக்கும், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள்.

1947 ஜனவரி, பாரிஸ். ஷான்ஸ் எலிசே தியேட்டரில் கச்சேரி. கோர்த்தோவுக்கு வயது 69. ஷோப்பன், ஷூமன் என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான். ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது தெரியும். இருந்தும் அவரோடு வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர் தனியாக மேடைக்கு வந்து ஷோப்பன் வாசித்தார். சபையில் பாதி கைதட்டல், பாதி விசில். இந்த விசில் நம்ம தியேட்டர் விசில் இல்லை. பிரான்ஸில் கச்சேரியில் விசில் அடித்தால் 'இறங்கிப் போ' என்று அர்த்தம்.

ஏன் அப்படி நடந்தது? கொஞ்சம் பின்னாடி போகணும்.

கோர்த்தோ பிறந்தது 1877-ல், சுவிட்சர்லாந்தின் நியோன் என்ற ஊரில். அப்பா பிரெஞ்சு, அம்மா சுவிஸ். சின்ன வயதிலேயே பாரிஸ் வந்து, அங்கே கன்சர்வத்வாரில் படித்து, 1896-ல் பியானோவில் முதல் பரிசு வாங்கினார். அதுக்கப்புறம் எல்லாரும் கச்சேரி, டூர் என்று போவார்கள். இவர் ஜெர்மனியில் இருக்கும் பைராய்ட்டுக்குப் போனார். வாக்னரின் ஓபராக்களுக்காகவே கட்டிய அரங்கம் இருக்கும் ஊர் அது. 1898-லிருந்து சில வருஷம் அங்கே பாடகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் உதவியாளர் வேலை. திரும்பி வந்து, 1902-ல் வாக்னரின் 'கோட்டர்டாமரூங்' ஓபராவை பாரிஸில் முதல் தடவையாக மேடையேற்றினார். கண்டக்டரும் அவரே. அப்போ வயது 24.

அதே வருஷம் கல்யாணம். மனைவி க்ளோத்தில்ட் ப்ரெயால். காந்தி வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரொமேன் ரோலாந்தின் முதல் மனைவியாக இருந்து விவாகரத்து ஆனவர். அவருடைய அப்பா மிஷெல் ப்ரெயால் மொழியியல் அறிஞர். ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். ப்ரெயால் குடும்பம் யூதக் குடும்பம். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1905-ல் மூணு நண்பர்கள் சேர்ந்து ஒரு ட்ரியோ ஆரம்பிக்கிறார்கள். வயலினில் ஜாக் திபோ, செல்லோவில் கட்டலோனியாவைச் சேர்ந்த பாப்லோ கசால்ஸ், பியானோவில் கோர்த்தோ. ஏறக்குறைய முப்பது வருஷம் இந்தக் கூட்டு நடந்தது. 1926-ல் லண்டனில் இவர்கள் பதிவு செய்த ஷூபெர்ட் ட்ரியோ இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. 1929-ல் பார்சலோனாவில் பிராம்ஸின் இரட்டைக் கான்செர்ட்டோ. திபோவும் கசால்ஸும் வாசிக்க, கசால்ஸின் சொந்த ஆர்கெஸ்ட்ராவை கோர்த்தோ நடத்தினார். அவ்வளவு நெருக்கம்.

இப்போ அந்தத் தப்புச் சுரங்கள் விஷயத்துக்கு வரலாம். கோர்த்தோவின் ரெக்கார்டுகளைக் கேட்டால் தப்பான கட்டைகள் நிறைய விழும். சிலசமயம் ஞாபகம் தப்பி எதையோ வாசித்துச் சமாளிப்பதும் தெரியும். அந்தக் காலத்து 78 சுழற்சி ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம், கொஞ்சம் கூடப் போகலாம். வெட்டி ஒட்ட முடியாது. தப்பு வந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப வாசிக்கணும், இல்லேன்னா அப்படியே விட்டுடணும். கோர்த்தோ நிறைய இடத்தில் விட்டுவிட்டார். டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் பண்ணிய கோடு மாதிரி இருக்கே என்று ஒரு எஞ்சினியருக்குத் தோன்றும்.

ஆனால் 1933, 34-ல் அவர் பதிவு செய்த ஷோப்பன் எத்யூடுகளைக் கேளுங்க. இடது கை நேராக நடக்கும்போது வலது கை மெட்டு லேசாகப் பின்தங்கி வரும், பேசும்போது ஒரு வார்த்தைக்கு முன்னாடி தயங்குவோமே, அந்த மாதிரி. நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு குரல் திடீரென்று முன்னால் வரும். சுத்தமாக வாசிக்கும் இன்றைய பதிவுகள் பலவற்றில் எனக்கு அந்த உயிர் கேட்பதில்லை. இது என் காது, உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

இதே மனுஷன்தான் 1915-லிருந்து ஷோப்பன் படைப்புகளுக்குப் பயிற்சிப் பதிப்புகளைக் கொண்டுவந்தார். கஷ்டமான இடத்தை நூறு தடவை திரும்பத் திரும்ப வாசிக்காதே, அதில் எது கஷ்டம் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பயிற்சி செய் என்பதுதான் அவர் முறை. பெரிய ப்ரோகிராமில் ஒரு பக் வந்தால், அதை உண்டாக்கும் சின்னத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்போமில்லையா, அதே யோசனை. இவ்வளவு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தானே உட்கார்ந்து பயிற்சி செய்ய நேரம் இல்லை.

ஏன் நேரம் இல்லை? அவர் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தவர். 1907-லிருந்து கன்சர்வத்வாரில் பேராசிரியர். முதல் உலகப்போரில் அரசாங்கத்தின் கலைத்துறை அலுவலகத்தில் அதிகாரி. பிரெஞ்சுக் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி நாட்டுக்கு நல்ல பெயர் சேர்ப்பது அங்கே வேலை. 1919-ல் எக்கோல் நார்மால் என்ற இசைப்பள்ளியை ஒரு நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். கசால்ஸ், திபோ, நாதியா பூலான்ஷே, ஹார்ப்சிகார்ட் மேதை வாண்டா லாண்டோவ்ஸ்கா எல்லாரும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். 1933-ல் வியன்னாவில் நடந்த போட்டியில் தினு லிபாத்தி என்ற ருமேனியப் பையனுக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததற்காக நடுவர் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். பிறகு லிபாத்தியைத் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். ஆக, மனசுக்கு நியாயமில்லை என்று பட்டால் ஒரு பதவியை உதறத் தெரிந்தவர்தான்.

அதனால்தான் 1940-க்கு அப்புறம் நடந்தது உறுத்துகிறது.

ஜெர்மனி பிரான்ஸைத் தோற்கடித்ததும் மார்ஷல் பெத்தான் தலைமையில் விஷி நகரத்தில் ஒரு அரசு உருவானது. ஹிட்லரோடு ஒத்துழைத்த அரசு. கோர்த்தோ அதன் தேசியக் கவுன்சிலில் உறுப்பினர் ஆனார். 1942-ல் இசைத்தொழிலை ஒழுங்குபடுத்தும் கமிட்டிக்குத் தலைவர். அதை எல்லாரும் 'கோர்த்தோ கமிட்டி' என்றே கூப்பிட்டார்கள். அந்த வருஷம் ஜூனில் விஷி அரசு போட்ட ஆணைப்படி, யூதர்கள் மேடையில் நடிக்கவோ கச்சேரி செய்யவோ கூடாது. அதே 1942-ல் கோர்த்தோ பெர்லினுக்குப் போய், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்தார்.

அவர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த லாண்டோவ்ஸ்கா யூதர். பாரிஸ் பக்கத்திலிருந்த தன் வீட்டை விட்டு 1940-லேயே தப்பி ஓடினார். அவருடைய வாத்தியங்களையும் புத்தகங்களையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கன்சர்வத்வாரில் கோர்த்தோவின் வகுப்பில் படித்த க்ளாரா ஹஸ்கில், அவரும் யூதர். 1941-ல் பாரிஸிலிருந்து மார்செய்க்கு ஓடி, பார்வை நரம்பை அழுத்திய கட்டிக்கு அங்கே ஆபரேஷன் செய்துகொண்டு, 1942 கடைசியில் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். அந்த வருஷத்தில்தான் குரு பெர்லின் மேடையில்.

மனைவியின் குடும்பத்தை ஞாபகம் வெச்சுக்கோங்கன்னு சொன்னேனே, இதுக்குத்தான். யூத வெறுப்பால்தான் கோர்த்தோ அங்கே போனார் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஜெர்மன் இசை மேல் பைராய்ட் காலத்திலிருந்தே பக்தி. நாட்டின் இசையை நான்தான் நிர்வகிக்கணும் என்ற நினைப்பும் பழைய நினைப்பு. இசைக்கலைஞர்களின் நலனுக்காகத்தான் பதவியில் இருந்தேன் என்பது அவர் தரப்பு. எனக்கு இது போதவில்லை. கமிட்டியை அந்தக் கணக்கில் சேர்த்தாலும், பெர்லின் கச்சேரியை எந்தக் கலைஞரின் நலனில் சேர்ப்பது?

'அந்தக் காலத்தில் வேற வழி இல்லை' என்று சிலர் சொல்வார்கள். அந்த ட்ரியோவையே எடுத்துக்கோங்க. திபோ பிரான்ஸிலேயே இருந்தார், கச்சேரியும் செய்தார், ஆனால் ஜெர்மனிக்குப் போய் வாசிக்க மறுத்தார். கசால்ஸ் ஹிட்லர் வந்த பிறகு ஜெர்மனியில் வாசிப்பதையே விட்டுவிட்டார். ஸ்பெயினில் ஃபிராங்கோ ஜெயித்ததும், எல்லைக்கு இந்தப் பக்கம் ப்ராத் என்ற சின்ன பிரெஞ்சு ஊரில் அகதியாக உட்கார்ந்துகொண்டார். ஆக, வழி இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்களே அதில் நடந்தும் போயிருக்கிறார்கள்.

1944-ல் பாரிஸ் விடுதலை ஆனதும் கோர்த்தோவைக் கைது செய்து சில நாளில் விட்டுவிட்டார்கள். விசாரணைக் குழு ஒரு வருஷம் தொழில்தடை போட்டது. தடை முடிந்து வந்தபோதுதான் அந்த 1947 விசில் கச்சேரி. அப்புறம் சுவிட்சர்லாந்தின் லோசானில் குடியேறினார். மற்ற நாடுகளில் அவருக்குச் சபை குறையவில்லை. 1952-ல் ஜப்பானில் ஒரு கடலோர ஊரின் அழகில் அவர் சொக்கிப்போக, ஊர்க்காரர்கள் எதிரே இருந்த தீவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிரான்ஸில் விசில், ஜப்பானில் தீவு!

1953-ல் திபோ ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். மிச்சம் இரண்டு பேர். 1958-ல் ப்ராத்தில் கசால்ஸ் நடத்திய இசைவிழாவுக்கு கோர்த்தோ வந்தார். ஒருவருக்கு 81, இன்னொருவருக்கு 80. இருவரும் சேர்ந்து பீத்தோவன் வாசித்தார்கள். ஃபிராங்கோவை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிக்க மாட்டேன் என்று பல வருஷம் செல்லோவை மூடி வைத்த மனிதர், இவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மன்னிக்க அவருக்கு உரிமை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் லாண்டோவ்ஸ்காவின் சார்பில், ஹஸ்கிலின் சார்பில் அவர் மன்னிக்க முடியாதே.

நாலு வருஷம் கழித்து, 1962 ஜூன் 15-ல் லோசானில் கோர்த்தோ காலமானார். அவர் தொடங்கிய பள்ளி பாரிஸில் இன்னமும் நடக்கிறது. அங்கே இருக்கும் கச்சேரி அரங்கத்தின் பெயர் 'சால் கோர்த்தோ'.

கேட்க விரும்புகிறவர்கள் 1926 ஷூபெர்ட் ட்ரியோவிலிருந்து ஆரம்பிங்க, அடுத்து எத்யூடுகள். கடைசியாக 1958 ப்ராத் பதிவு. அதில் கோர்த்தோவின் விரல்கள் ரொம்பத் தடுமாறுகின்றன, கசால்ஸ் விடாமல் கூடவே போகிறார். அடுத்த எபிசோடில் 33 வயதில் இறந்துபோன அந்த ருமேனியப் பையன், லிபாத்தி.