மணலில் எழுதிய விடைகள்

திருவண்ணாமலை மலையின் தென்கிழக்குச் சரிவில் இருக்கிறது விரூபாட்ச குகை. பெரிய கோயிலின் கோபுரங்கள் கீழே தெரியும். விரூபாட்ச தேவர் என்ற துறவியின் சமாதி உள்ளே இருப்பதால் வந்த பெயர். 1899 முதல் 1916 வரை இங்கே வாழ்ந்த ஓர் இளந்துறவியை ஊரார் பிராமண சுவாமி என்று அழைத்தார்கள். பின்னாளில் உலகம் அறிந்த ரமண மகரிஷி அவர்தான். அந்த முதல் சில ஆண்டுகளில் அவர் வாய் திறந்து பேசியது மிக அரிது. இருந்தும், மனத்தில் கேள்வி வைத்துக்கொண்டு மலையேறியவர்கள் விடையோடுதான் இறங்கினார்கள்.

அவர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர், இயற்பெயர் வேங்கடராமன். தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தார். 1896-இல், பதினாறு வயதில், ஒருநாள் சாவு பற்றிய பெரும் அச்சம் அவரைப் பிடித்தது. எழுந்து ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கைகால்களை விறைத்து நீட்டிப் படுத்து, உடல் போனால் 'நான்' என்பதும் போகுமா என்று தமக்குள்ளேயே பார்த்தார். பிற்காலத்தில் அவர் மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் அந்தச் சில நிமிடங்களிலிருந்து கிளைத்ததுதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கடிதமும் எழுதி வைத்தார். காசு போதாமல், வழியில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை அருணாசலேசுவரர் சன்னதியில் நின்றார்.

அந்தக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்க அறையில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, பூச்சிகள் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின. சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அவ்வூரில் வாழ்ந்த துறவியான சேஷாத்ரி சுவாமிகள் அவரைக் காக்க முயன்றார். பிறகு சிலர் சேர்ந்து அவரை அங்கிருந்து வெளியே தூக்கி வந்தார்கள். அவர் பேசாமல் இருந்தது சங்கற்பம் செய்து எடுத்துக்கொண்ட மௌன விரதம் அல்ல. பேச வேண்டிய தேவை எழவில்லை, அதனால் பேசவில்லை என்றே அவர் பின்னாளில் விளக்கினார்.

1898-இல் தாய் அழகம்மாள் தேடி வந்து, மலையின் கிளையான பவழக்குன்றில் இருந்த மகனை வீட்டுக்கு அழைத்தார். நாள்தோறும் வந்து அழுதார். மகன் அசையவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் மனம் பொறுக்காமல், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டுங்கள் என்று பென்சிலும் காகிதமும் நீட்டினார். அவரவர் வினைப்படியே எல்லாம் நடக்கும், தடுத்தாலும் நில்லாது என்ற கருத்தில் சில வரிகள் எழுதித் தந்தார். தாய் திரும்பிப் போனார்.

குகைக்கு வந்தபின் இப்படி எழுதித் தருவது ஒரு வழக்கமாயிற்று. நகராட்சியில் வேலை பார்த்த கம்பீரம் சேஷய்யர் யோக நூல்களைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்பார். துண்டுக் காகிதங்களில் விளக்கம் கிடைக்கும். அவை பின்னர் 'விசார சங்கிரகம்' ஆயின.

தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் அலுவல் காரணமாக ஊருக்கு வந்தவர். கல்லூரியில் தத்துவம் படித்தவர். நான் யார் என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. விடைகள் மணலிலும் சிலேட்டிலும் எழுதப்பட்டன. அடுத்த கேள்விக்கு இடம் வேண்டி முந்தைய விடை அழிக்கப்படும். பிள்ளை அவற்றை நினைவில் வைத்துக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளே 1923-இல் 'நான் யார்?' என்ற சிறு நூலாக அச்சேறின. எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுகிறது என்று திரும்பிப் பார், அப்போது மனம் வந்த இடத்துக்கே போய் அடங்கும் என்பதுதான் அதன் வழிமுறை. அவருடைய மௌனம் கேள்வியைத் தடுக்கவில்லை. கேட்டவரின் பக்கமே திருப்பிவிட்டது.

இப்படிப் பேசாமல் உபதேசிப்பதற்குத் தமிழ் மண்ணில் நீண்ட மரபு உண்டு. சிவன் கோயில்களின் தென்சுவரில், ஆலமரத்தடியில் பேசாமலே நான்கு முனிவர்களுக்கு உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் திருச்சியில் தாயுமானவரை ஆட்கொண்டவர் மௌன குரு. அதே நூற்றாண்டில், கரூர் அருகே நெரூரில் சமாதி கொண்ட சதாசிவ பிரம்மேந்திரர், 1738 வாக்கில் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு மணலில் மந்திரம் எழுதித் தந்தார் என்பதும், மன்னர் அந்த மணலை எடுத்துப்போய் அரண்மனையில் பூசித்தார் என்பதும் சமஸ்தானத்து மரபு.

விரூபாட்ச குகையின் பேசாத துறவிக்கும் தம் கருத்தைத் தெரிவிக்க வழி இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்திடம் காசு வாங்கலாம் என்று குகைக்கு உரிமை கொண்டாடிய மடத்தார் முடிவு செய்தார்கள். சுவாமி குகைக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். அங்கேயும் வசூல் தொடர்ந்தபோது வேறு குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னால் போயிற்று. வசூல் நின்றது, மடத்தார் வேண்டிக்கொள்ள அவர் திரும்பி வந்தார்.

1907 நவம்பர் 18 அன்று, தவத்தின் பொருள் கேட்டு வந்த வடமொழிப் புலவர் காவ்யகண்ட கணபதி முனிக்கு அவர் வாய்மொழியாகவே விடை சொன்னார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டியவர் கணபதி முனிதான். 1916-இல் கந்தாசிரமத்துக்கும், 1922-இல் தாய் மறைந்தபின் மலையடிவாரத்துக்கும் மாறினார். அவரைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-இல் வெளிவந்ததும் வெளிநாட்டார் பலர் வரத் தொடங்கினார்கள். 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார்.

1935 முதல் 1939 வரை மலையடிவார ஆசிரமத்தின் கூடத்தில் நடந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா ஆங்கிலத்தில் குறித்து வைத்தார். பெரிய தொகுதி அது. கடவுள், மறுபிறவி, உலகத்தின் துன்பம் என்று எதையெதையோ கேட்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம், இதைக் கேட்பது யார் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். சிவப்பிரகாசம் பிள்ளையின் நூலோ சில பக்கங்கள்தான். குகைக்குப் போகிறவர்கள் அதை முன்னதாகவே படித்துவிட்டு, தங்களுக்கென்று ஒரு கேள்வியோடு மலையேறுவது நல்லது.